லீவு போடாத கை

“நாலு மாசமாப் பாக்கறேன், எம்மவ ஒரு நாள்கூட லீவு போடல. இவ கை பட்டா மாவு எப்பிடி வருது பாரு மாயவா” என்று சவரி சொன்னபோது, அவன் பெண்டாட்டி லூர்தம்மாள் சால்னாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

அவன் பெருமையாகத்தான் சொன்னான். கடைக்கு மாவு பிசைவது அவர்கள் மகள் புஷ்பமேரியின் வேலை. பத்தாவது படிக்கிற பதினைந்து வயதுப் பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பத்துக் கிலோ மைதாவைத் தொட்டியில் கொட்டி, முட்டையும் எண்ணெயும் விட்டு, முழங்கை வரைக்கும் மாவாக நிற்பாள். அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அது புரோட்டா மாஸ்டர் மாயவன் போட்ட சட்டம். வீட்டுக்குத் தூரமான பொம்பளை தொட்டால் மாவு இழுபடாது, வீசும்போது கிழியும் என்பான். சவரி வேதக்காரன். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அப்படி எதுவும் சொன்னதில்லை. ஆனால் சேலத்தில் தொழில் படித்த மாஸ்டர் முறைத்துக்கொண்டு போய்விட்டால் சாமியாரா வந்து புரோட்டா வீசுவார்? அதனால் அந்த மூன்று நாள் புஷ்பமேரிக்கு லீவு. லூர்தம்மாள்தான் பிசைவாள்.

தான் கடைசியாக மாவு பிசைந்தது எப்போது என்று லூர்தம்மாள் யோசித்தாள். வேளாங்கண்ணி மாதா திருநாள் கழித்து இரண்டு வாரம். கை வலியோடு ஜெபமாலை உருட்டியது நினைவிருந்தது. அது புரட்டாசி. இப்போது தை பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது.

அரிவாள்மணைக்கு முன்னால் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெங்காயம் ஒரு வசதி. கண்ணில் தண்ணீர் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கடை, பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில், பஸ் நின்று போகிற இடத்தில் இருந்தது. முன்னால் கடை, தட்டியைத் தாண்டினால் வீடு. நான்கு வருஷத்துக்கு முன்னால், எண்பத்து மூன்றில், மழை பொய்த்து கிணறு காய்ந்தபோது இருந்த ஒன்றரை ஏக்கர் காட்டை விற்றுத்தான் சவரி இதைப் போட்டான். “காட்டுல வேகறதுக்கு அடுப்புல வேகலாம்” என்றான். அவன் சொன்னது பலித்தது. சந்தைக்குப் போகிறவர்கள், லாரிக்காரர்கள், பட்டுக்கூடு விற்றுக் காசு பார்த்த குடியானவர்கள் எல்லோரும் புரோட்டாவுக்குப் பழகிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து களியும் கீரைக் கடைசலும் தின்று வளர்ந்த நாக்குகள், முதல் வாய் சால்னாவிலேயே கட்சி மாறிவிட்டன.

கடை வந்ததும் வீட்டு அடுப்பு அணைந்தது. கடையில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கல் காய்ந்தால் நடுராத்திரி வரை ஓயாது. பிறகு வீட்டுக்கு என்று தனியாகப் பொங்க யாருக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது? காலையில் நேற்றைய புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தூக்கில் இரண்டு புரோட்டா, நடுவில் சர்க்கரை. சாயங்காலம் போண்டா. இரவில் விற்காமல் நின்றதைக் கொத்தி முட்டை ஊற்றியது. சவரிக்கு நெஞ்சு எரிந்தது, மோர் குடித்தான். லூர்தம்மாள் ஓடி ஓடியே கரைந்தாள். புஷ்பமேரி மட்டும் ஊதினாள். வருஷத்துக்கு ஒரு பாவாடை சட்டை என்பது போய், நாலு மாதத்துக்கு ஒருமுறை தையல் பிரிக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூட மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். கூடப் படிக்கிற பெண்கள் அவளை ‘மைதா மூட்டை’ என்றார்கள்.

அதைப் பற்றி லூர்தம்மாள் கவலைப்பட்டதே இல்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. அவள் பிறந்த வீட்டில் ஏழு பிள்ளைகள். கூழுக்குச் சட்டி சுரண்டுகிற சத்தத்தில் தூங்கிப் பழகியவள். தன் வயிற்றில் பிறந்தது பசி அறியாமல் வளர்கிறது என்று ஊர் கண்ணால் பார்க்கட்டுமே என்று இருந்தாள். பூசைக்குப் போகும்போது மகளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போவாள். இப்போது, அடுப்படியில் பலகை மேல் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்த அந்த உடம்பைப் பார்த்தாள். வயிறு மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. நேற்று வரைக்கும் வெறும் வயிறாக இருந்தது, இன்றைக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சவரி கறிக்கும் காய்க்கும் போன நேரம் பார்த்து மகளை உள்ளே இழுத்து, தட்டிக் கதவைச் சாத்தினாள்.

“ஏன்டி, நீ எப்பக் குளிச்ச கடைசியா?”

“இப்பத்தாம்மா குளிச்சேன்.”

“அடி வாங்குவ. தூரம் எப்ப ஆன?”

புஷ்பமேரி யோசித்தாள். “தெரியலம்மா. திருநாளுக்கு அப்பறம் ஆவல.”

“ஆவலன்னா எங்கிட்ட வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?”

“வரலன்னா நல்லதுதானன்னு இருந்தேன். துணி தொவைக்கற வேல இல்ல.”

லூர்தம்மாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. குரலை இறக்கினாள். “இத பாரு கண்ணு. அம்மா அடிக்க மாட்டேன். யாருன்னு சொல்லு.”

“யாருன்னா?”

“யாருடி உன்னியத் தொட்டது? மாஸ்டரா? அந்தப் பன்னெண்டு மணி பஸ்சுக் கண்டக்டரா?”

அப்போதுதான் பெண்ணுக்கு விளங்கியது. வாய் திறந்தபடியே நின்றது. “மாதா சத்தியமா யாரும் தொடலம்மா. என்னிய எவனும் ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டான். பாத்தாலும் சிரிக்கத்தான் பாப்பாங்க.”

“பின்ன இந்த வயிறு?”

“இது தின்ன வயிறும்மா!”

“தின்னா தூரம் நிக்குமாடி? நானும் ஊரு ஒலகத்துல எத்தினியோ பொம்பளைங்களப் பாத்திருக்கேன், தின்னு எவளுக்கும் நின்னதில்ல.” சொல்லிக்கொண்டே முதுகில் நாலு போட்டாள். அடிக்க மாட்டேன் என்று சொன்னது அதற்குள் மறந்துபோயிற்று. கை வலித்ததே தவிர, பெண் அசையவில்லை. சத்தம் வராமல் அழுதது. சத்தம் வந்தால் மாயவன் காதில் விழும் என்று அதற்கும் தெரிந்திருந்தது.

சவரி கெட்டவன் அல்ல. குடிப்பதில்லை, பெண்டாட்டியைக் கை நீட்டியதில்லை. ஆனால் கூடப் பிறந்த தங்கை ஒரு லாரி டிரைவரோடு ஓடிப்போனபோது, அவள் பெயரை ஜெபத்திலும் சொல்லக் கூடாது என்றவன். எட்டு வருஷமாகிறது, இன்னும் சொல்லவில்லை. இது அவன் காதுக்குப் போனால் வீட்டில் இரண்டு பிணம் விழும் என்று லூர்தம்மாள் நம்பினாள். ஒன்று மகளுடையது, இன்னொன்று அவனுடையது.

அன்றிலிருந்து புஷ்பமேரிக்குப் பள்ளிக்கூடம் நின்றது. காய்ச்சல் என்று சொல்லியாயிற்று. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. “கணக்குப் பாடம் போயிரும்மா” என்று கெஞ்சியது பெண். “மானம் போவுது, உனக்குக் கணக்கு கேக்குதா” என்றாள் தாய். யாரும் பார்க்காமல் பப்பாளிக் காய் வாங்கி வந்தாள். எள்ளை வெல்லத்தோடு இடித்து உருண்டை பிடித்தாள். கருஞ்சீரகக் கஷாயம் போட்டாள். எல்லாவற்றையும் பெண் விழுங்கிற்று. வயிற்றால் போனதே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. பயம் வந்தால் சிலருக்குச் சோறு இறங்காது. புஷ்பமேரிக்குப் பயம் வந்தால் பசி வந்தது. தட்டிக்குப் பின்னால் மைதா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கைக்கு எட்டியதையெல்லாம் தின்றாள்.

“எந்நேரமும் பசிக்குதும்மா. நிறுத்தணும்னுதான் நெனக்கறேன். கை தானாப் போவுது” என்று ஒரு நாள் சொன்னாள். ரெட்டை உயிர் அல்லவா, பசிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்து லூர்தம்மாள் உள்ளுக்குள் செத்தாள்.

கடைக்கு முட்டை போடுகிற ராமக்காள் தினமும் வருகிறவள். கூடையை இறக்கினால் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசாமல் தூக்க மாட்டாள்.

“என்னாக்கா, புள்ள பள்ளிக்கூடம் போவலியா?”

“காச்சலு.”

“காச்சலுன்னு சொல்ற, ஒடம்பு எளைக்கலயே? ஒரு சுத்து ஏறித்தான் இருக்குது.” முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபடியே சொன்னாள். “செல்லி மவளுக்கும் இப்பிடித்தான் காச்சலு காச்சலுன்னாங்க. அஞ்சாம் மாசம்தான தெரிஞ்சுது. பாவம், பூச்சி மருந்தக் குடிச்சிருச்சி. நான் ஒண்ணும் சொல்லலக்கா. வயசுப் புள்ளைய வெச்சிருக்கறோம், பாத்துக்கணும்.”

ஒன்றும் சொல்லாதவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு லூர்தம்மாள் சால்னாவில் உப்பு போட மறந்தாள்.

மறுநாள் புருஷனிடம், “புள்ளைக்குப் போர்டுல எழுதறது தெரியலயாங்க. தர்மபுரி போயி கண்ணு டாக்டரப் பாத்துட்டு வந்தர்றோம்” என்றாள். “கண்ணாடி போட்டா எவன்டி கட்டுவான்?” என்றானே தவிர, பணம் கொடுத்தான்.

தர்மபுரியில் அவள் தேடிப்போனது ஒரு லேடி டாக்டரை. ஆஸ்பத்திரிச் சந்துக்குள் நுழையும் முன் ஒரு சுவரோரம் மகளை நிறுத்தினாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் கழுத்திலிருந்த தாலியைக் கழற்றினாள். சிலுவை அடித்த தாலி. பதினேழு வருஷத்தில் பிரசவத்தின்போதுகூடக் கழற்றாதது.

“குனி.”

“எதுக்கும்மா?”

“டாக்டரம்மா கேட்டா, கல்யாணமாயி ஒரு வருசம்னு சொல்லு. வயசு பத்தொம்பது. வேற எதுவும் பேசாத.”

“அம்மா, வேணாம்மா. பயமா இருக்குது.”

“எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்குதா? குனிடி.”

கயிறு அந்தக் கழுத்துக்குப் பற்றவில்லை. இறுக்கமாக ஏறி உட்கார்ந்தது. வெறுங்கழுத்தை மறைக்க லூர்தம்மாள் முந்தானையைச் சுற்றிப் போர்த்துக்கொண்டாள். மாதாவே, அந்த மனுசனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டே படியேறினாள்.

எடை மிஷினில் ஏற்றிய நர்சு முள்ளைப் பார்த்துவிட்டு, ஒருமுறை இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். இரண்டாவது முறையும் எண்பத்திரண்டு கிலோதான். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒன்றுக்குப் போய்வரச் சொல்லிப் பரிசோதித்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த அரை மணி நேரத்தில் லூர்தம்மாள் ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் உருட்டி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

“வயித்துல ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லீங்களா?”

“ஒண்ணும் இல்ல. பூராவும் கொழுப்பு.”

டாக்டரம்மா ஏதோ திட்டுகிறார் என்று நினைத்து, “மன்னிச்சிருங்கம்மா, சொல்லித்தான் வளத்தேன்” என்றாள் லூர்தம்மாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அந்தக் கொழுப்பு இல்லம்மா. ஒடம்புல ஏறின கொழுப்பு. அளவுக்கு மீறி எடை ஏறினா மாசா மாசம் வர்றது நின்னு போகும். என்ன சாப்பிடறா?”

லூர்தம்மாள் பெருமையை விட முடியாமல் வரிசையாகச் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் மாறியது. “மூணு வேளையும் புரோட்டாவா? இந்த வயசுலயே ரத்தக் கொதிப்பு இருக்கு. இப்படியே விட்டா சக்கரை வரும். மைதா, எண்ணெயில பொரிச்சது, பன்னு, மிட்டாய் எல்லாத்தையும் நிறுத்துங்க. களி குடுங்க, கீரை குடுங்க, கொள்ளு குடுங்க. தினம் ஒரு மணி நேரம் நடக்கணும். இல்லன்னா இவளுக்குப் புள்ளையே தங்காது. மாமியார் வூட்லயும் சொல்லி வைங்க.” பெண்ணைப் பார்த்து, “செய்வியாம்மா?” என்றார்.

“செய்வேங்க” என்றாள் புஷ்பமேரி. பதினைந்து நாளில் அவள் குரல் தெளிவாக வந்தது அப்போதுதான். தான் சொன்னது பொய் இல்லை என்று ஒருத்தர் வாயால் வந்துவிட்டது. அதோடு, இதற்கு ஒரு வழியும் இருக்கிறது.

சந்திலிருந்து வெளியே வந்ததும் லூர்தம்மாள் தாலியைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, மகளைக் கட்டிப்பிடித்து நடுரோட்டில் அழுதாள். “அடிச்சிப்புட்டனே உன்ன. என் தங்கத்த அடிச்சிப்புட்டனே.” அழுது முடித்த கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். இரண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட், கலர் சோடா ஒன்று. பாவம் செய்த கைக்கு வேறு பரிகாரம் தெரியவில்லை.

“அம்மா, டாக்டரம்மா வேணாம்னாங்க.”

“எத?”

“புரோட்டாவ. இதெல்லாம் சாப்டக் கூடாதுன்னாங்க. களி சாப்டச் சொன்னாங்க.”

“அடிப் போடி கிறுக்கி. அது கல்யாணம் ஆனவளுக்குச் சொன்னது. புள்ள தங்காதுன்னுதான சொன்னாங்க? உனக்கு இப்ப எதுக்குடி புள்ள?”

“என் ஒடம்பத்தானம்மா பாத்தாங்க!”

“ஒடம்ப பாத்தாங்க. ஆனா, நான் சொன்னத வெச்சித்தான சொன்னாங்க? பதினஞ்சு வயசுப் புள்ளன்னு சொல்லிருந்தா, வளர்ற புள்ளைக்கு நல்லாக் குடுங்கன்னு சொல்லிருப்பாங்க. ஆறிப்போவுது, தின்னு.”

புஷ்பமேரி புரோட்டாவைப் பிய்த்தாள். அவள் தலைமேல் ஏற்றிய பொய்யை இறக்கிவிட்டார்கள். அந்தப் பொய்யோடு டாக்டர் சொன்ன மெய்யும் கழன்று போய்விட்டது. இந்தக் கதையைச் சொல்கிற எனக்குக் கோபமாக வருகிறது, ஆனால் லூர்தம்மாளை மட்டும் திட்டி என்ன செய்ய? பசியைத் தவிர வேறு வியாதி எதையும் அவள் கண்டதில்லை.

திரும்பும் பஸ்ஸில், “வர்ற திங்கக்கெழமையிலருந்து மூணு நாளு மாவுல கை வெக்காத. ஒக்காந்துக்க. நான் பெசஞ்சிக்கறேன். மாசா மாசம் அப்பிடியே பண்ணுவம்” என்றாள். மாயவனுக்கும் ராமக்காளுக்கும் அது போதும் என்பது அவள் கணக்கு.

“கண்ணாடி எங்க?” என்று கேட்டான் சவரி.

“கண்ணு நல்லா இருக்குதாம்ங்க.”

“நான் சொன்னேன்ல” என்றான்.

புஷ்பமேரி விடவில்லை. மறுநாள் காலை ஊறின புரோட்டாவை ஒதுக்கிவிட்டு, அப்பாவிடமே போய் நின்றாள். “அப்பா, எனக்குக் களி வேணும்ப்பா. கேவுரு மாவு ஒரு கிலோ வாங்கியாந்தா நானே கிண்டிக்கறேன்.”

சவரி சிரித்தான். “புரோட்டாக் கடைக்காரன் வூட்ல களியா? பாக்கறவன் என்ன நெனப்பான்? சவரி கடை படுத்துருச்சி, மறுபடியும் களிக்கு வந்துட்டான்னு நெனப்பான். இல்லன்னா நம்ம சரக்கு நாமளே திங்க மாட்டோம்னு நெனப்பான். ரெண்டும் ஆவாது கண்ணு.”

அதனால் அவள் புரோட்டா இல்லாமல் இருக்கப் பழகினாள். கொய்யா இரண்டு, வேர்க்கடலை ஒரு கை, தண்ணீர். அந்தி நேரத்தில் வெளிச்சம் இருக்கும்போதே கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள். தலை சுற்றியது. இரவில் கொத்துச் சத்தம் கேட்கும்போது வாயில் எச்சில் ஊறியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு நாள் தாண்டியது. திங்கட்கிழமை தொடங்குகிற பொய் லீவு முடிந்ததும் வியாழக்கிழமை பள்ளிக்கூடம் போகலாம் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கல் காய்ந்து முதல் ஈடு புரோட்டா அடுக்கியிருந்தான் மாயவன். கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராமக்காள் முட்டைக்கூடையை இறக்கிவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். லூர்தம்மாள் ஒரு தட்டில் சுடச்சுட இரண்டு வைத்துச் சால்னா ஊற்றி மகள் முன்னால் வைத்தாள். புஷ்பமேரி தட்டைத் தள்ளிவைத்தாள்.

“வேணாம்மா.”

“என்னாடி புஷ்பா, தட்ட ஒதுக்கற?” என்றாள் ராமக்காள். “நேத்தும் பாத்தேன். எண்ண வாசத்துக்கு மொகத்தத் திருப்பிக்கிட்ட. கொய்யாக் காயக் கடிச்சிக்கிட்டு இருந்த. வாய் கசக்குதா?”

“இல்லீங்க.”

“கொமட்டுதா?”

“இல்லீங்க. பசிக்கல.”

“மூணு வேளையும் தின்ன புள்ளைக்குப் பசிக்கலயாம்.” ராமக்காள் லூர்தம்மாள் பக்கம் திரும்பி, குரலைத் தணிக்காமலேயே சிரித்தாள். “ஏக்கா, பதினஞ்சு நாளா பள்ளிக்கூடமும் இல்ல. நான் ஒண்ணும் சொல்லல.”

கல்லின் முன்னால் மாவு தட்டுகிற சத்தம் நின்றது. கல்லாவில் உட்கார்ந்திருந்த சவரி தலையைத் திருப்பி முதலில் ராமக்காளைப் பார்த்தான். பிறகு மகள் வயிற்றைப் பார்த்தான்.

லூர்தம்மாள் அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். சட்டென்று சிரித்துக்கொண்டே மகள் பக்கத்தில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “கசக்குதா? எம்மவளுக்கா? அதெல்லாம் கொஞ்சல். நான் ஊட்டலன்னு கோவம்” என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து மகள் வாயருகே கொண்டுபோனாள். உதட்டில் சிரிப்பு அப்படியே இருக்க, உள்குரலில், “தின்னுடி. மசக்கைன்னு நெனக்கறா. உங்கொப்பன் பாக்கறாரு. அவ எந்திரிச்சிப் போற வரைக்கும் தின்னு” என்றாள்.

புஷ்பமேரி அம்மாவைப் பார்த்தாள். சால்னா வழிந்து முழங்கைக்கு இறங்கியும் அம்மா கையை எடுக்கவில்லை. அவள் வாயைத் திறந்தாள். ஒரு வாய், இரண்டு வாய். மூன்றாவது வாய்க்குப் பிறகு ஊட்ட வேண்டியிருக்கவில்லை. தானே தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கத் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “காரமா கண்ணு?” என்று கேட்டாள் லூர்தம்மாள். ஆமாம் என்று தலையாட்டினாள். சவரி திரும்பிக்கொண்டு சில்லறை எண்ணினான். கல்லின் மேல் மறுபடி சத்தம் கிளம்பியது.

தட்டு காலியாயிற்று. ராமக்காள் எழுந்திருக்கவில்லை. வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“மாயவா, இன்னும் ரெண்டு கொண்டா. முட்ட ஊத்திக் கொண்டா” என்றாள் லூர்தம்மாள்.